பழைய பெயின்ட்பால் கருவிகளிலிருந்து பொறிப்புகளையும் மை எழுத்துகளையும் நீக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெயின்ட்பால் என்பது வண்ண உருண்டைகளால் எதிரணியினரைச் சுட்டு ஆடும் விளையாட்டு. கைமாறி வரும் அதன் கருவிகளில் முந்தைய உரிமையாளரின் பெயரோ, வாடகைக்கு விட்ட மைதானத்தின் எண்ணோ, ஏதோ ஓர் அணியின் சின்னமோ இருப்பது வழக்கம். அவற்றை நீக்குவது பற்றி மீண்டும் மீண்டும் வரும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. இந்தப் பக்கத்தில் "மார்க்கர்" என்ற சொல் வண்ண உருண்டையைச் செலுத்தும் கருவியை மட்டுமே குறிக்கும். எழுதப் பயன்படுவதை "அழியா மைப் பேனா" என்று எழுதியிருக்கிறேன். பழைய கருவிகள் அதிகம் கைமாறுவது அமெரிக்காவில் என்பதால், சட்டம் பற்றிய விடை பெரும்பாலும் அந்த நாட்டை ஒட்டியது.

இந்தக் கருவிகளில் ஏன் இத்தனை குறிகள் காணப்படுகின்றன?

முதல் காரணம் வாடகை. மைதானம் நடத்துபவர்கள் ஒரே மாதிரியான பல மார்க்கர்களையும் மாஸ்க்குகளையும் வைத்திருப்பார்கள்; எது பழுதானது, எது திரும்பி வந்தது என்று கணக்கு வைக்க எண் இடாமல் முடியாது. இரண்டாவது, ஆட்டம் முடிந்தபின் ஒரே மேசையில் குவியும் கருவிகளில் தன்னுடையதை அடையாளம் காண ஆட்டக்காரர்கள் பெயர் எழுதுகிறார்கள்.

மூன்றாவது காரணம் சற்றுப் பழையது. 1963இல் கலிபோர்னியாவின் மான்டெரி பார்க் நகரில், வீட்டுப் பொருள்களில் உரிமையாளரின் அடையாள எண்ணைப் பொறித்து வைக்கும் திருட்டுத் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கியது. அது நாடெங்கும் பரவியபோது, காவல் நிலையங்களும் நூலகங்களும் அதிர்வுப் பொறிப்புப் பேனாவை இரவல் கொடுத்தன. ஓட்டுநர் உரிம எண்ணையும், சில வேளைகளில் அரசு ஒவ்வொருவருக்கும் தரும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும்கூட மக்கள் பொறித்தார்கள். முதல் பெயின்ட்பால் ஆட்டம் 1981 ஜூன் 27 அன்று நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹெனிக்கரில் நடந்தது. அதில் பயன்பட்டது மரங்களுக்கும் கால்நடைகளுக்கும் அடையாளமிட உருவான நெல்ஸ்பாட் 007 கருவி. அதன் பிறகு வந்த மார்க்கர்களை வாங்கியவர்களிடம் அந்தப் பொறிக்கும் பழக்கம் ஏற்கெனவே இருந்தது. ஆகவே பழைய மார்க்கரின் அடிப்பகுதியில் கோணல்மாணலாக ஒரு நீண்ட எண் இருந்தால், அது தயாரிப்பாளரின் எண் என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம்.

எந்தக் குறியை நீக்கலாம்? எதைத் தொடவே கூடாது?

எந்தத் திரவத்தால் துடைப்பது என்று கேட்பதற்கு முன், அந்தக் குறி யாருடையது என்று கேட்க வேண்டும். என் அனுபவத்தில், பெரும்பாலான தவறுகள் இந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் நேர்கின்றன.

உரிமையாளர் இட்ட குறிகள் ஒரு வகை: பெயர், செல்லப்பெயர், அணிச் சின்னம், மைதான எண். பொருளை முறையாக விலைக்கு வாங்கியிருந்தால் இவற்றைப் பொதுவாக நீக்கிக்கொள்ளலாம். தயாரிப்பாளர் இட்ட வரிசை எண் வேறு வகை. அது ஒரே அளவிலான எழுத்துகளில், நேர்கோட்டில், பெரும்பாலும் கைப்பிடிச் சட்டத்துக்கு அருகிலோ உடலின் அடியிலோ இருக்கும். அதை நீக்கக் கூடாது. உத்தரவாதம், உதிரிபாகப் பொருத்தம், திருட்டுப்போன கருவியைக் கண்டுபிடித்தல் ஆகிய மூன்றும் அந்த எண்ணைத்தான் நம்பியிருக்கின்றன. மூன்றாவது வகை பாதுகாப்புக் குறிகள்: காற்றுச் சிலிண்டரில் உள்ள அழுத்த அளவு, சோதனைத் தேதி, மாஸ்க்கில் உள்ள தரக்குறி. இவற்றை அழிப்பது ஓர் உயிரைப் பணயம் வைப்பதற்குச் சமம்.

சொந்தப் பொருளில் உள்ள எண்ணை நீக்குவதற்குச் சட்டம் என்ன சொல்கிறது?

வெடிமருந்து இல்லாமல் அழுத்தக் காற்றால் இயங்குவதால், அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் வரையறையில் பெயின்ட்பால் மார்க்கர் துப்பாக்கி ஆகாது. இதைக் கேட்டவுடன் "அப்படியானால் வரிசை எண்ணை அழிக்கலாம்" என்று சிலர் முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது தவறான முடிவு. துப்பாக்கி அல்லாத பொருள்களுக்கும் மாநிலச் சட்டங்கள் உண்டு. கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 537இ பிரிவு, வரிசை எண்ணோ பிற அடையாளக் குறியோ நீக்கப்பட்ட பொருளைத் தெரிந்தே வாங்குவதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 31.11 பிரிவும் எண்களை அழிப்பதைக் குற்றமாகக் கருதுகிறது. ஆனால் அழித்தவர் அப்பொருளின் உரிமையாளர் என்றால் அதைத் தற்காப்பாக முன்வைக்க இடம் தருகிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2018இல் பெயின்ட்பாலுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அதற்கு முன் அங்கே மார்க்கர்கள் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் இருந்தன.

கலிபோர்னியச் சட்டம் தயாரிப்பாளரின் எண்ணோடு நின்றுவிடாமல் "பிற அடையாளக் குறி" என்றும் சொல்வதைக் கவனிக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் பொறித்த ஓட்டுநர் உரிம எண்ணைக்கூட, விற்றவரின் கையெழுத்துள்ள ரசீதும் நீக்குவதற்கு முன் எடுத்த தெளிவான படமும் கையில் இல்லாமல் தொட வேண்டாம் என்றே நான் சொல்வேன். மைதான எண் இருக்கும் மார்க்கரை வாங்குகிறவர், அந்த மைதானத்துக்கே தொலைபேசியில் பேசி, அது முறையாக விற்கப்பட்டதா என்று கேட்டுவிடுவது இன்னும் நல்லது. ஐந்து நிமிடப் பேச்சில் ஐயம் தீர்ந்துவிடும்.

வேலையைத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை யாவை?

காற்றுச் சிலிண்டரைக் கழற்ற வேண்டும். உள்ளே எஞ்சியிருக்கும் அழுத்தத்தைப் பாதுகாப்பான திசையில் வெளியேற்ற வேண்டும். உருண்டைகளை நிரப்பி வைக்கும் ஹாப்பரையும் அதிலுள்ள உருண்டைகளையும் அகற்ற வேண்டும். மின்னணு மார்க்கராக இருந்தால் மின்கலம், பலகை, உருண்டையை உணரும் ஒளிக்கண்கள் ஆகியவற்றையும் எடுத்துவிட வேண்டும். காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகள் கரைப்பான்களில் ஊறி உப்பிவிடும் என்பதால், உடல் வெறுமையாகும் வரை கழற்றுவதே முறை.

பிறகு கருவி எதனால் ஆனது என்று அறிய வேண்டும். அனோடைஸ் செய்த அலுமினியம், வண்ணம் பூசிய வார்ப்பு அலுமினியம், துருப்பிடிக்காத எஃகு, மக்னீசியம், நைலான், பாலிகார்பனேட் ஆகிய அனைத்தும் இந்த விளையாட்டில் உண்டு. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றுக்கு நஞ்சாகும்.

வண்ண உருண்டை உடைந்த கறையும் மைக்கறையும் ஒன்றுதானா?

இல்லை. உருண்டையின் ஓடு ஜெலட்டினால் ஆனது. உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த, நீரில் கரையும் நிறம். வெதுவெதுப்பான நீரும் மென்மையான துணியும் போதும்.

அனோடைஸ் செய்த உடலில் அழியா மைப் பேனாவால் எழுதியதை எப்படி நீக்குவது?

இருப்பதிலேயே எளிதான வேலை இதுதான். அனோடைசிங் என்பது அலுமினியத்தின் மேற்பரப்பையே மின்வேதி முறையில் ஆக்சைடாக மாற்றுவது. அந்த அடுக்கில் நுண்துளைகள் இருக்கும். அவற்றில் சாயம் ஏற்றியபின் துளைகளை அடைத்துவிடுவார்கள். சரியாக அடைக்கப்பட்ட பரப்பில் மை உள்ளே இறங்காது. மேலே மட்டும் படிந்திருக்கும்.

அமெரிக்க மருந்துக் கடைகளில் 70 சதவீதத்திலும் 91 சதவீதத்திலும் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில், செறிவு கூடியதையே வாங்குங்கள். பஞ்சில் நனைத்து எழுத்தின் மீது அரை நிமிடம் வைத்து, ஒரே திசையில் துடைத்தெடுக்க வேண்டும். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கரைந்த மை பரவி, பொறிப்புகளின் ஓரங்களில் தங்கும். ஆல்கஹால் கையில் இல்லாவிட்டால், வெள்ளைப் பலகைக்கு எழுதும் பேனாவால் அதே எழுத்தின் மீது எழுதி, ஈரம் காயும் முன் துடைத்தாலும் பெரும்பகுதி வந்துவிடும். அந்தப் பேனாவில் உள்ள கரைப்பான் பழைய மையை மீண்டும் இளக்குகிறது.

ஓர் எச்சரிக்கை. கறுப்பு மார்க்கர்களில் உள்ள கீறல்களை மறைக்க விற்பவர்கள் கறுப்பு மையைத் தடவி வைப்பது உண்டு. ஆல்கஹால் பட்டதும் அந்த மையும் கரைந்து, வெள்ளிக் கோடுகள் வெளிப்படும். அதைக் கண்டு ஆல்கஹால் நிறத்தைத் தின்றுவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. கீறல் முன்பே இருந்தது.

ஹாப்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் எழுதியிருந்தால்?

எந்தப் பிளாஸ்டிக் என்று உறுதியாகத் தெரியாத வரை அசிட்டோனை அதன் அருகில் கொண்டு செல்லக் கூடாது. நகப்பூச்சு நீக்கிகள் பலவற்றில் இருப்பதும் அசிட்டோன்தான். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை அது கரைக்கும். பாலிகார்பனேட்டில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். நைலான் ஓரளவு தாங்கும். வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல் இருக்கும் என்பதுதான் சிக்கல்.

முதலில் சோப்பு நீர், பிறகு உள்புறம் ஒரு மூலையில் சோதித்துவிட்டு ஆல்கஹால், அதற்கும் மசியாவிட்டால் மெலமைன் பஞ்சு என்ற வரிசையில் செல்லலாம். மெலமைன் பஞ்சு மிக நுண்ணிய உப்புத்தாள் போலவே வேலை செய்கிறது. சொரசொரப்பான ஹாப்பருக்கு அது பொருந்தும், பளபளப்பான ஹாப்பரில் மங்கிய திட்டு விழும். ரப்பர் கைப்பிடி போன்ற மென்மையான பொருள்களில் மை காலப்போக்கில் உள்ளேயே இறங்கிவிடும். அதைத் துரத்திக்கொண்டு இறங்குவதைவிடப் புதுக் கைப்பிடி வாங்குவதே மேல்.

மாஸ்க்கின் லென்ஸில் எழுதியிருக்கிறார்கள். எதனால் துடைப்பது?

எதனாலும் வேண்டாம். லென்ஸை மாற்றுங்கள்.

வண்ண உருண்டை வினாடிக்கு 300 அடி, அதாவது சுமார் 91 மீட்டர் வேகம் வரை பறந்து வருகிறது. அதைக் கண்ணுக்கு முன்னால் தடுத்து நிறுத்துவது இரண்டு மில்லிமீட்டர் அளவிலான பாலிகார்பனேட் தகடு. பெயின்ட்பால் கண்காப்புக்கான அமெரிக்கத் தரநிலை ஏஎஸ்டிஎம் எஃப்1776 சோதிப்பது புதிய, கரைப்பான் படாத லென்ஸைத்தான். கரைப்பான் பட்ட பாலிகார்பனேட் வெளியே தெளிவாகத் தெரியும்போதே உள்ளே வலுவிழந்திருக்கலாம்; அடி விழும் நொடியில்தான் அது தெரிய வரும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான்கள் பனி படியாமல் காக்கும் பூச்சையும் கெடுக்கும். பழைய மாஸ்க் வாங்கும்போது அதில் எழுத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் லென்ஸைப் புதிதாக மாற்ற வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. முந்தையவர் எதைக் கொண்டு துடைத்தார் என்பதை லென்ஸ் சொல்லாது. சட்டகத்தில் உள்ள பெயரை மட்டும், லென்ஸையும் நுரையையும் கழற்றிவிட்டு, சோப்பு நீரால் முயன்று பார்க்கலாம்.

உடுப்பிலும் பட்டைகளிலும் உள்ள பெயர்கள்?

துணியின் அடியில் பழைய துண்டொன்றை விரித்து, மேலிருந்து ஆல்கஹாலை ஒற்றி ஒற்றி எடுத்தால் மை அடித்துண்டுக்கு இறங்கும். முழுதும் போகும் வரை உலர்த்தியில் போடக் கூடாது; சூட்டில் மை நிலைத்துவிடும்.

உலோகத்தில் பொறித்த பெயரைத் தேய்த்தே நீக்கிவிட முடியுமா?

முடியும், ஆனால் நிறத்தையும் சேர்த்து இழக்க வேண்டியிருக்கும். சாயமேற்றிய அனோடைஸ் அடுக்கின் தடிமன் பொதுவாக 5 முதல் 25 மைக்ரான்; தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. நகத்தை ஓட்டினால் தடுக்குகிற எந்தப் பொறிப்பும் இந்த அடுக்கைத் துளைத்து அலுமினியத்துக்குள் இறங்கியிருக்கும். எனவே நிறம் கெடாமல் பொறிப்பை மட்டும் எடுக்கும் பசையோ திரவமோ எதுவும் கிடையாது. அப்படி விற்கப்படுவதை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

மறுபடி அனோடைஸ் செய்யப் போகிறீர்கள் என்றால் வழி உண்டு. தட்டையான கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, 320 எண் தாளில் தொடங்கி 400, 600 என்று மேலும் நுண்ணிய தாள்களுக்கு படிப்படியாக நீர் விட்டுத் தேய்க்க வேண்டும். எழுத்து இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு பள்ளம் விழும். பளபளப்பு வந்தபின் அது பொறிப்பைவிட அதிகமாகக் கண்ணை உறுத்தும். ஆகவே அந்த முகம் முழுவதையும், விளிம்பிலிருந்து விளிம்பு வரை, ஒரே சீராக இறக்க வேண்டும். உளியால் செதுக்கியதுபோன்ற கூர்மையான விளிம்புகள்தான் நல்ல மார்க்கரின் அழகு. அவற்றை மழுக்கிவிட்டால் திரும்பப் பெற முடியாது. பேரல் திருகு மரை, ஹாப்பர் செருகும் கழுத்து, ஒளிக்கண் மூடிகள், அழுத்தச் சீராக்கி பொருந்தும் இடம் ஆகியவற்றின் அருகே தேய்க்கவே வேண்டாம். அங்கே சுவர் மெலிந்தோ அளவு துல்லியமாகவோ இருக்கும்.

அச்சால் அடித்துப் பதித்த குறிக்கும் செதுக்கிய குறிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. செதுக்கும்போது உலோகம் வெட்டி எடுக்கப்படுகிறது. அச்சால் அடிக்கும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்குகிறது. எழுத்து மறையும் வரை தேய்த்த பின்னும் அந்த நசுங்கல் எஞ்சியிருக்கும். தடயவியலார் அமிலம் பூசி அழிந்த எண்களை மீட்பது இந்த இயல்பைக் கொண்டுதான். அனோடைசிங்குக்கு முன் செய்யும் வேதிக் கழுவலில், போய்விட்டது என்று நினைத்த எழுத்தின் நிழல் திரும்பத் தெரிய வரலாம்.

லேசர் எழுத்துகளும் இப்படித்தானா?

பெரும்பாலான லேசர் எழுத்துகளுக்கு ஆழம் மிகக் குறைவு. சாயத்தை வெளுக்கவைத்தோ அடுக்கை மட்டும் எரித்தோ வெண்மையாகத் தெரிகின்றன. நிறத்தை நீக்கி மறுபடி அனோடைஸ் செய்தால் இவை ஏறத்தாழ முழுமையாக மறையும். கறுப்பு உடலாக இருந்தால் கறுப்பு மையைத் தடவி மறைப்பவர்களும் உண்டு. தற்காலிகமானது என்று தெரிந்து செய்தால் அதில் தவறில்லை.

ஆழமான பொறிப்பை எதையாவது இட்டு நிரப்பலாமா?

எப்பாக்சி நிரப்பலாம், ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே அனோடைஸ் ஆகாது. மேலே வண்ணம் பூசுவதானால் மட்டுமே அது பயன்படும். பொடியாகத் தூவும் வண்ணப்பூச்சான பவுடர் கோட்டிங் சுமார் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி இறுக்கப்படுவதால், அந்தச் சூட்டைத் தாங்கும் நிரப்பியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மெல்லிய பீங்கான் வகைப் பூச்சுகள் 25 மைக்ரான் அளவுக்கே படியும். நிரப்பாத பொறிப்பின் மேல் அவற்றை அடித்தால் பெயர் புதிய நிறத்தில் அப்படியே தெரியும்.

டிக் வெல்டிங் என்னும் மின்பற்றவைப்பு மூலம் அலுமினியத்தையே இட்டு நிரப்புவது உயர்ந்த முறை. செலவும் ஆபத்தும் அதில் அதிகம். 4043 எண் நிரப்புக் கம்பியில் சிலிக்கன் இருப்பதால், அனோடைஸ் செய்தபின் நிரப்பிய இடம் கருஞ்சாம்பலாகத் தனித்துத் தெரியும். 5356 எண் கம்பி 6061 என்ற அலுமினியக் கலவையின் நிறத்தோடு நன்றாக ஒத்துப்போகும். வெல்டிங் சூட்டில் உடல் சிறிதே வளைந்தாலும் உள்ளே உருண்டையை முன்தள்ளும் போல்ட் சறுக்காது. பெயர் மறைந்து மார்க்கர் சுடாமல் போவதில் யாருக்கு என்ன இலாபம்? அரிய பழைய மார்க்கரைக் காப்பாற்றுவதற்கன்றி இதை நான் பரிந்துரைப்பதில்லை.

அனோடைஸ் நிறத்தை வீட்டிலேயே நீக்கலாமா?

காஸ்டிக் சோடா கரைசலும், அது கலந்த அடுப்புத் துடைப்பான்களும் அந்த அடுக்கைக் கரைக்கும். கரைத்தபின் அவை நிற்பதில்லை. அலுமினியத்தையே அரிக்கத் தொடங்கி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். கண்காப்புக் கண்ணாடி, கையுறை, திறந்தவெளி, அருகில் தீப்பொறி இல்லாமை ஆகியவை இன்றி இதைச் செய்யக் கூடாது. மரைகளும் போல்ட் ஓடும் துளையும் சில நிமிடக் கவனக்குறைவில் அளவு மாறிவிடும். அனோடைசிங் பட்டறைக்குக் கொடுப்பதே அறிவுடைமை. கொடுக்கும்போது எஃகுத் திருகுகள், செருகிகள் அனைத்தையும் கழற்றிக் கொடுங்கள். கந்தக அமிலத் தொட்டியில் எஃகு அரிபட்டு, வேலையையும் கெடுக்கும்.

வாடகை மைதானங்களில் பார்க்கும் மார்க்கர்களுக்கும் இதே முறைதானா?

டிப்மன் 98 கஸ்டம் போன்றவற்றின் உடல் வார்ப்பு அலுமினியம். அதில் சிலிக்கன் அதிகம் என்பதால் அனோடைஸ் செய்தால் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூக்கும். எப்பாக்சியால் நிரப்பி, தேய்த்து, வண்ணம் பூசுவதே இவற்றுக்கு ஏற்றது; அந்த வகையில் இவை வேலைக்கு மிக இணக்கமானவை. டிப்மன் எக்ஸ்7இன் உடல் மக்னீசியம். மக்னீசியத் துகள் எளிதில் தீப்பற்றும், அந்தத் தீயை நீர் ஊற்றி அணைக்க முடியாது. அதைச் சுழல் இயந்திரத்தில் தேய்க்க வேண்டாம்.

காற்றுச் சிலிண்டரில் உள்ள பெயரை நீக்கலாமா?

3000 அல்லது 4500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) அழுத்தத்தைத் தாங்கி நிற்கும் பாத்திரம் அது. அதைத் தேய்க்கவோ, பொறிக்கவோ, வண்ணம் நீக்கும் மருந்து பூசவோ, சூடாக்கவோ கூடாது. கரி இழை (கார்பன் ஃபைபர்) சுற்றிய சிலிண்டரில் மேல்பூச்சைத் தாண்டி ஒரு கீறல் இறங்கினாலே இழைகள் அறுபடத் தொடங்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் விதிகள் சிலிண்டரின் குறிகளைச் சிதைப்பதைத் தடை செய்கின்றன. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை நடந்ததற்கும், கரி இழைச் சிலிண்டர்களுக்கு வழக்கமான 15 ஆண்டு ஆயுள் கடந்துவிட்டதா என்பதற்கும் அந்தக் குறிகளே சான்று. அவை படிக்க முடியாத நிலையில் இருந்தால் எந்த மைதானமும் அதில் காற்று நிரப்பக் கூடாது.

மையால் எழுதிய பெயரை ஈரத் துணியாலும் சோப்பாலும் துடைத்துப் பாருங்கள். போகாவிட்டால் துணி உறை ஒன்றை மாட்டிவிடுங்கள். முந்தைய உரிமையாளர் கரி இழையின் மீதே பெயரைப் பொறித்திருந்தால், அந்தச் சிலிண்டரை வாங்க வேண்டாம். ஏற்கெனவே வாங்கியிருந்தால், காற்று நிரப்பாமல் சோதனை நிலையத்தில் காட்டுங்கள்.

நான் வாங்கப் போகும் மார்க்கரில் யாரோ எதையோ ஏற்கெனவே அழித்திருக்கிறார்கள் என்று எப்படி அறிவது?

வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள்; பள்ளமும் மழுங்கிய விளிம்பும் அப்போது தெரியும். ஒரு முகம் மட்டும் மினுக்கமாகவோ மங்கலாகவோ இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். அதே மாடலின் வேறு மார்க்கர்களின் படங்களோடு ஒப்பிட்டு, வரிசை எண் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை அழித்தவர் அதற்கான காரணத்தைத் தயங்காமல் சொல்வார், முன்பு எடுத்த படத்தையும் காட்டுவார். வரிசை எண்ணே இல்லாத மார்க்கரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், நான் வாங்குவதில்லை.

பொறிப்பை நீக்கினால் மறுவிற்பனை விலை கூடுமா?

மையை நீக்கினால் ஓரளவு கூடும். பொறிப்பை நீக்கும் செலவு பெரும்பாலும் திரும்பி வராது. அனோடைசிங் கூலியே பல பழைய மார்க்கர்களின் விலையை எட்டிவிடும். சேகரிப்பாளர்கள் தொடாத மேற்பரப்பையே விரும்புகிறார்கள். முதல் தலைமுறை மார்க்கர் ஒன்றில் அந்தக் காலத்து அணியின் பெயர் இருந்தால், அதைத் தேய்ப்பதற்கு முன் பழைய மார்க்கர்களை அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். சமூகப் பாதுகாப்பு எண்ணாக இருந்தால் மட்டும், ரசீதும் படமும் எடுத்து வைத்துக்கொண்டு, விற்றவரின் சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுக்கொண்டு, முதல் வேலையாக அதை நீக்கிவிடுங்கள். அந்த எண்ணுக்குரியவர் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும்.